கோட்டை விட்டான் வீடு

பெருங்கடவிளையில் எங்கள் இல்லத்திற்குப் பெயர்கள் இரண்டு. ஒன்று பஞ்சாயத்து ஏட்டில் உள்ளது. மற்றொன்று அயலார் நாவில் உள்ளது. ஏட்டில் உள்ளதை யாரும் வழங்குவதில்லை. நாவில் உள்ளது ‘கோட்டை விட்டான் வீடு’ என்பதாகும். சிறுவனாக இருந்தபோது நான் கணக்குப் பாடத்தில் தவறிவிட்டால், “கோட்டை விட்டான் பேரன் கணக்கிலும் கோட்டை விட்டான்” என்று உடன் பயில்வோர் நகைப்பர். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு இருப்புப்பாதைத் துறையில் எழுத்தனாக அமர்ந்த பின்னரும் அப்பெயர் என்னை விட்டபாடில்லை. நம் சங்கத்தின் ஆண்டுவிழா மலருக்குக் கட்டுரை ஒன்று தரவேண்டுமெனச் செயலாளர் அவர்கள் பணித்தபோது, இப்பெயரின் வரலாற்றையே எழுதிவிடலாமெனத் துணிந்தேன். ஆராய்ச்சியாளன் அல்லேன், பதிவேடுகளோடு இருபது ஆண்டு பழகியவன் என்னும் ஒரு தகுதியே எனக்குண்டு.

எங்கள் குடும்பத்தில் முன்னோர் ஒருவரைப் பற்றிப் பரம்பரையாக ஒரு செய்தி வழங்கி வருகின்றது. அவர் திருவிதாங்கூர் மன்னரின் படையில் இருந்தவர். குளச்சலில் ஒல்லாந்தரை வென்றவர். நெடுங்கோட்டையில் திப்பு சுல்தானைத் தடுத்தவர். வேலுத்தம்பி தளவாய்க்கு வலக்கையாக நின்றவர். இவ்வாறு என் பெரியப்பா ஒரு குறிப்பேட்டில் சிவப்பு மையால் எழுதி வைத்திருக்கின்றார். ஆனால் இத்துணைப் பெருமைக்குரிய வீரரின் வீட்டிற்குக் ‘கோட்டை விட்டான்’ என்னும் பெயர் எவ்வாறு வந்தது? இக்கேள்விக்குக் குறிப்பேட்டில் விடையில்லை. சிறுவயதில் ஆச்சியிடம் கேட்டேன். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த ஆச்சி கையை நிறுத்தி, “மக்ளே, அவரு மலையிறங்கி வந்தவரு. அந்தக் கதை நமக்கு வேண்டாம்” என்றார். அதற்குமேல் ஒரு சொல்லும் பெற முடியவில்லை.

சென்ற ஆண்டு எங்கள் பெரியப்பாவின் மகனார் அண்ணன் அவர்கள், குடும்பத்துப் பீடத்தின் அருகே அம்முன்னோருக்கு ஒரு நினைவுக்கல் நடவேண்டுமென முடிவு செய்தார். குறிப்பேட்டில் உள்ள மூன்று போர்களையும் கல்லில் பொறிப்பதென்பது அவர் எண்ணம். கல்லில் பொறித்தால் அது பேரப்பிள்ளைகளுக்கு வேதவாக்காகிவிடும் அன்றோ? எங்கள் அலுவலகத்தில் தேதி இடாத துண்டுச் சீட்டை ஏற்பதில்லை. எனவே, “அண்ணே, கல்தச்சனிடம் செல்லுமுன் எனக்கு ஆறு திங்கள் அவகாசம் கொடுங்கள்” என்று வேண்டினேன். அவர் அரைமனத்தோடு இசைந்தார்.

முதற்கண் தேதிகளை வரிசைப்படுத்தினேன். குளச்சல் போர் நிகழ்ந்தது 1741-ஆம் ஆண்டு. ஒல்லாந்தர் பணிந்த நாள் ஆகஸ்டு 10. நெடுங்கோட்டையில் திப்புவின் முதல் தாக்குதல் முறியடிக்கப்பட்டது 1789 டிசம்பர் இறுதியில். வேலுத்தம்பியின் கிளர்ச்சியில் ஆரல்வாய்மொழிக் கோட்டை வீழ்ந்தது 1809 பிப்ரவரி 10. முதலதற்கும் இறுதியானதற்கும் இடையே அறுபத்தெட்டு ஆண்டுகள்! குளச்சலில் இருபது வயதினராக வாளேந்தியவர் ஆரல்வாய்மொழியில் எண்பத்தெட்டு வயதினராக மலையேறி நிற்க வேண்டும். பீஷ்மருக்கு இயலலாம், எங்கள் குலத்தாருக்கு இயலாது.

அவ்வாறாயின் குறிப்பேடு பொய்யோ? பொய்யன்று. விடை எங்கள் வீட்டு வழக்கத்திலேயே இருந்தது. பாட்டனார் பெயரைப் பேரனுக்கு இடுவது நம்மவர் மரபு. பெயரன் என்னும் சொல்லே அதனால் அமைந்தது. எங்கள் குடும்பத்தில் இரண்டே பெயர்கள் மாறி மாறி வந்திருக்கின்றன. தந்தையிலிருந்து மேல்நோக்கி எண்ணினால் வேலுத்தம்பி காலத்தவர் ஏழாம் தலைமுறையினர். அவருக்குப் பாட்டனார் ஒன்பதாம் தலைமுறையினர். இருவர்க்கும் பெயர் ஒன்றே! பாட்டனார் குளச்சல் காலத்தில் இளைஞர். பேரனார் நெடுங்கோட்டைக் காலத்தில் இளைஞர், ஆரல்வாய்மொழிக் காலத்தில் நாற்பதை எட்டியவர். ஒரே எண்ணுள்ள இரு வண்டிகளை ஒரே வண்டியென எழுதிவிட்டால் நிலையத்தில் எத்தகைய குழப்பம் விளையும்! அக்குழப்பமே எங்கள் குறிப்பேட்டில் விளைந்தது. பாட்டனாரின் வெற்றியைப் பேரனார் தலையில் சூட்டிவிட்டோம்; பேரனாரின் கதையை மறைத்துவிட்டோம்.

இவ்விருவரும் சேவித்த படை எத்தகையது என்பதை இங்குச் சிறிது கூறுதல் வேண்டும். மார்த்தாண்டவர்மர் 1729-இல் பட்டமெய்தியபோது நாட்டில் நிலையான படை என்று சொல்லத்தக்கது மிகுதியாக இல்லை. ஊர்தோறும் களரிகள் இருந்தன. ஆசானிடம் வாளும் கேடயமும் பயின்றோர் அழைப்பு வந்தால் திரள்வர், அறுவடை வந்தால் கலைவர். பாண்டிநாட்டிலிருந்து மறவர் குதிரைப்படையும் கூலிக்கு வந்தது. குளச்சலில் பிடிபட்ட டிலனாய் என்னும் பிளெமியர் மன்னரின் சேவையில் அமர்ந்த பின்னரே நிலை மாறியது. துப்பாக்கிப் பயிற்சி, வரிசை நடை, பீரங்கி வார்ப்பு ஆகிய யாவும் அவர் கைப்பட வளர்ந்தன. மக்கள் அவரை வலிய கப்பித்தான் என்றனர். மேற்குக் கடற்கரையருகே தொடங்கி ஆனைமலைத் தொடர் வரை வடவெல்லையில் நீண்ட நெடுங்கோட்டையும் அவர் திட்டமிட்டு எழுப்பியதேயாகும்.

டிலனாயின் கல்லறையைக் காணப் புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குச் சென்றிருந்தேன். இன்று அக்கோட்டைக்குள் வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா அமைந்துள்ளது. மானும் மயிலும் திரிகின்றன. இடிந்த சிறு தேவாலயத்தினுள் அவர் துயில்கின்றார். கல்லின்மேல் இலத்தீனும் தமிழும் பொறிக்கப்பட்டுள்ளன. ஏறத்தாழ முப்பத்தேழு ஆண்டுகள் மன்னருக்கு உண்மையாக உழைத்து 1777 ஜூன் 1 அன்று காலமானார் என்பதை அதனால் அறிகின்றோம். 1765-இல் களக்காட்டுப் போரில் மாண்ட அவருடைய இளம் மகனுக்கும் அங்கேயே கல் உண்டு. மனைவியார் மார்கரீட்டாவும் அருகில் உறங்குகின்றார். ஒரு குடும்பத்தின் பிறப்பும் பணியும் இறப்பும் மூன்று கற்களில் அடங்கிவிட்டன. கடல் கடந்து வந்த அந்நியரின் வரலாற்றைத் தமிழெழுத்தில் படிக்க எனக்குக் கால் மணி நேரம் போதுமாயிற்று. அவர் கட்டளைக்கு நடந்த எங்கள் பாட்டனாரைத் தேட ஆறு திங்கள் போதவில்லை. தலைவனுக்குக் கல், போர்வீரனுக்கு ஓலை, அவ்வோலையும் எஞ்சியிருந்தால்தான்!

ஓலை என்றதும் எங்கள் வீட்டுப் பரணில் இருந்த மரப்பெட்டி நினைவிற்கு வந்தது. அதிலிருந்த சுவடிகளில் பெரும்பகுதியை மூத்தோர் ஓர் ஆடி அமாவாசையன்று நெய்யாற்றில் விட்டுவிட்டனராம். படிக்கத் தெரியாத எழுத்தை வீட்டில் வைத்திருத்தல் ஆகாதென்று யாரோ சொன்னார்களாம்! எஞ்சியவை பதினோரு ஓலைகள். அவற்றைத் துணியில் சுற்றிக்கொண்டு, ஒரு விடுப்பு நாளில் திருவனந்தபுரம் கோட்டைப் பகுதியிலுள்ள மத்திய ஆவணக் காப்பகத்திற்குச் சென்றேன். மதிலகம் ஆவணங்களும் எண்ணற்ற ஓலைச்சுருணைகளும் அங்கே காக்கப்படுகின்றன. வட்டெழுத்து, கோலெழுத்து, மலையாண்மை ஆகிய பழைய எழுத்துகளைப் படிக்கவல்லோர் அங்கே உள்ளனர். அக்கட்டிடமோ முன்னொரு காலத்தில் படைவீரர் தங்குமிடமாகவும் பின்னர்ச் சிறைச்சாலையாகவும் இருந்ததாம். எங்கள் முன்னோரைப் போன்றவர்கள் உறங்கிய கூரையின்கீழ் அவரைத் தேடி அமர்ந்திருந்தேன்.

பதினோரு ஓலைகளில் ஒன்பது, தென்னையும் பலாவும் பங்கு வைத்த கணக்குகள். ஒன்று சாதகக் குறிப்பு. எஞ்சிய ஒன்று ஒற்றி ஓலை. மலையாண்மை எழுத்தில், பாதி தமிழும் பாதி மலையாளமுமான நடையில் அமைந்தது. அதனைப் படித்துக் காட்டிய பெரியவர், முதலில் ஆண்டைக் கூறினார்: கொல்லம் 986, மேடம். அஃதாவது 1811-ஆம் ஆண்டு ஏப்ரல்-மே. தோவாளைப் புறத்திலிருந்து வந்து குடியிருப்பவரும், பட்டாளத்தில் சேவித்திருந்தவருமான இன்னார், பெருங்கடவிளையில் இன்ன எல்லைக்குட்பட்ட புரையிடத்தை நூற்றுநாற்பது பணத்திற்கு ஒற்றியாகப் பெற்றார் என்பது செய்தி. பெயர் எங்கள் குலப் பெயர்! பெரியவர் அடுத்த வரிக்குச் சென்றுவிட்டார். எனக்கோ ‘சேவித்திருந்தவர்’ என்ற சொல்லைத் தாண்ட இயலவில்லை. ‘சேவிக்கின்றவர்’ என்றில்லை. 1811-இல் அவர் வீரர் அல்லர். தோவாளையை விட்டு வந்த குடியானவர்.

எதனால் விட்டு வந்தார்? இனி 1809-ஆம் ஆண்டின் வரலாற்றிற்குள் புகவேண்டும்.

தளக்குளத்தில் பிறந்த வேலுத்தம்பியின் பெயரைச் சொன்னால் இன்றும் தென்திருவிதாங்கூரில் மெய்சிலிர்ப்போர் பலர். ஆயினும் அவர் காலத்துப் படைவீரருக்கு அவர்மேல் தொடக்கத்தில் அன்பு இருந்ததென்று கூறமுடியாது. 1804-இல் செலவைக் குறைக்கும்பொருட்டு அவர் படையினரின் படியைக் குறைத்தார். அவர்கள் கொதித்தெழுந்து, தளவாயை நீக்கவேண்டுமெனத் திருவனந்தபுரம் நோக்கித் திரண்டனர். ஆங்கிலேயர் துணையோடு அக்கலகம் அடக்கப்பட்டது. அதனைத் தொடர்ந்தே 1805 ஒப்பந்தம் ஏற்பட்டது. ஆண்டுக்கு எட்டு இலட்சம் ரூபாய் கும்பினியாருக்குச் செலுத்தவேண்டுமென்பது அதன் சுமை. எவர் துணையைக் கொண்டு வீரரை அடக்கினாரோ அவர் கைப்பிடியே பின்னர்த் தளவாயின் கழுத்தை இறுக்கியது. பாக்கி ஏறிற்று; ரெசிடெண்டு மெக்காலேயின் நெருக்குதல் மிகுந்தது. 1808 டிசம்பர் இறுதியில் கொச்சியில் மெக்காலேயின் மாளிகை தாக்கப்பட்டது. கொல்லம் 984 மகரம் முதல் நாளன்று, அஃதாவது 1809 ஜனவரி 11-இல், தளவாய் குண்டறையில் தம் புகழ்பெற்ற அறிக்கையை வெளியிட்டார். மகரம் முதல் நாள் நமக்குத் தை பிறக்கும் பொங்கல் நாளாகும். வீட்டில் பால் பொங்கும் நேரத்தில் நாட்டில் போர் பொங்கிற்று! ஐந்தாண்டுகளுக்கு முன்னர் அவரை வெறுத்த படையே இப்போது அவர் பக்கம் நின்றது. இஃது எனக்குப் பெருவியப்பை அளிக்கும் செய்தி.

பொங்கலுக்கு நாலாம் நாளே, ஜனவரி 15-இல், கொல்லத்தில் நடந்த போர் வெற்றி தரவில்லை. தெற்கே கர்னல் செயிண்ட் லெஜரின் படை பாளையங்கோட்டை வழியாக ஆரல்வாய்மொழிக் கணவாயை நோக்கி வந்தது. அங்கே ஒரு மலையிலிருந்து மறு மலை வரை ஏறத்தாழ இரண்டு மைல் நீளத்திற்கு மதிலும் கொத்தளங்களும் இருந்தன. உள்ளே பத்தாயிரம் வீரரும் ஐம்பது பீரங்கிகளும் இருந்ததாகத் தாக்க வந்தோர் எழுதினர். வென்றவர் கணக்கில் பகைவர் தொகை சற்றுப் பருத்திருத்தல் இயல்பு. மதிலை நேர் நின்று தாக்குவது கடினமென உணர்ந்த அவர்கள், மேஜர் வெல்ஷ் என்பவரின் தலைமையில் சிறு படையொன்றை இரவோடிரவாகத் தெற்குப்புற மலைமீது ஏற்றினர். புதரும் பாறையும் மண்டிய அச்சரிவில் எவரும் ஏறார் என்ற நம்பிக்கையில் அப்பக்கம் காவல் தளர்ந்திருந்தது. பொழுது புலரும் வேளையில் மலையுச்சிக் கொத்தளம் பகைவர் வசமாயிற்று. மேலிருந்து துப்பாக்கிகள் மதிலின் உட்புறத்தை நோக்கி வெடித்தன. முன்னே பார்த்து நின்றவர்களுக்கு முதுகுப்புறத்தில் பகை! தை கழிந்து மாசி பிறக்கும் அக்காலைப் பொழுதில், வாயிற் பக்கம் நின்றோரும் கலைந்தனர். கோட்டை வீழ்ந்தது. அடுத்த சில நாள்களில் நாகர்கோவிற் பக்கம் நடந்த எதிர்ப்பும் ஓய்ந்தது. உதயகிரியும் பத்மநாபபுரமும் போரின்றியே பணிந்தன.

ஆரல்வாய்மொழிக்கு நான் புகைவண்டியிலேயே சென்றேன். நிலையத்தில் இறங்கியவுடன் காற்று ஆளைத் தள்ளுகின்றது. எங்கு நோக்கினும் காற்றாலைகள் சுழல்கின்றன. தெற்குப்புற மலையின் அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்த்தேன். பகலிலேயே ஏற அஞ்சத்தக்க சரிவு. அதன்மேல் இரவில் ஆள் ஏறி வருவர் என எதிர்பாராதது எங்கள் முன்னோரின் குற்றமோ? அது படைத்தலைவர் எண்ண வேண்டியது. அவர் மதிலில் தமக்கு இடப்பட்ட இடத்தில் நின்றிருப்பார். தலைக்குமேல் வெடி கேட்டிருப்பார். ‘மலையிறங்கி வந்தவர்’ என்று ஆச்சி கூறியதன் பொருள் அங்கு நின்றபோதுதான் விளங்கியது. புறமுதுகிடுதலைப் பெரும்பழியாகக் கருதியவர் நம் முன்னோர். மார்பிற் புண்ணைத் தேடிப் பார்த்த தாய்மாரின் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர் நாம். அதனால்தான் ஆச்சி வாய் திறக்கவில்லை.

ஆனால் அதன்பின் நாட்டில் நிகழ்ந்ததையும் சீர்தூக்கிப் பார்க்கவேண்டும். தளவாய் வடக்கு நோக்கித் தப்பிச் சென்று, 1809 மார்ச்சு இறுதியில் மண்ணடியில் உயிர் துறந்தார். அவருடைய உடலைக் கண்ணம்மூலையில் தொங்கவிட்டனர். தம்பி பத்மநாபன் தம்பியை ஏப்ரல் 10-இல் கொல்லத்தில் தூக்கிலிட்டனர். தளக்குளத்து வீட்டை இடித்தனர். உறவினரை நாடு கடத்தினர். புதிய தளவாய் உம்மிணித்தம்பியின் ஆட்கள் ஊர் ஊராகத் தேடினர். திருவிதாங்கூர்ப் படை பெரும்பாலும் கலைக்கப்பட்டது. பிற்காலத்தில் மீண்டும் சிறிதாகத் திரட்டப்பெற்று 1830-இல் நாயர் பிரிகேடு எனப் பெயர் பெற்றதும், 1949-க்குப் பின் இந்தியப் படையின் மதராஸ் ரெஜிமெண்டில் கலந்ததும் தனிக்கதை. கலைந்த வீரர் வாளை ஒளித்து, ஊரை மாற்றி, மண்வெட்டி எடுத்தனர். எங்கள் முன்னோர் தோவாளையில் தங்காமல், நெய்யாற்றுக்கு அருகே இக்குன்றுப்புறத்திற்கு வந்து இரண்டாண்டுக்குள் ஒற்றிக்கு நிலம் பெற்றது அக்காலத்து அச்சத்தின் விளைவேயென்று கருதுகின்றேன். நூற்றுநாற்பது பணம் எங்கிருந்து வந்தது என்பதற்கு மட்டும் வீட்டுப் பெண்கள் ஒரு செய்தி வைத்திருந்தனர்: அவர் மனைவியார் அதன்பின் காதில் ஓலைச்சுருளே அணிந்திருந்தாராம்.

இத்தனையும் அண்ணனிடம் கூறியபோது அவர் முகம் வாடிற்று. “அப்போ ஓடி வந்தவர்க்கா நாம கல் நடப்போறோம்?” என்றார். நான் உடனே விடை கூறவில்லை. மறுநாள் அவரை நெய்யாற்றின்கரைக்கு அழைத்துச் சென்றேன். கிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில் அம்மச்சிப்பிலாவு என்னும் பலாவின் பழைய அடிமரம் காக்கப்படுவதை நம்மவர் யாவரும் அறிவர். பகைவர் துரத்தியபோது இளவரசராயிருந்த மார்த்தாண்டவர்மர் அதன் பொந்தில் ஒளிந்து உயிர் பிழைத்தார் என்பது வரலாறு. மக்கள் அதனைத் தொட்டு வணங்குகின்றனர். மன்னர் அதன் நினைவாகவே அக்கோயிலை எழுப்பினார் என்பர். “அண்ணே, இவர் ஒளிந்ததை நாம் பழி என்று சொல்லுகிறோமா?” என்று கேட்டேன். அவர் மரத்தைச் சுற்றி ஒருமுறை நடந்தார். “ராஜாவுக்கு ஒண்ணு, நம்ம பாட்டாவுக்கு ஒண்ணா?” என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார். அதன்பின் அவர் அப்பேச்சை எடுக்கவில்லை.

இடையே நம் சங்கத்தைப் பற்றியும் ஒரு சொல். நாம் புலம்பெயர்ந்த தமிழர் என்று மலரின் அட்டையில் அச்சிடுகின்றோம். 986-இல் எங்கள் முன்னோர் தோவாளையிலிருந்து பெருங்கடவிளைக்கு வந்தபோது அவர் எந்த எல்லையையும் கடக்கவில்லை. ஒரே அரசின் இரு ஊர்கள் அவை. 1956 நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அன்று காலை என் பாட்டா வழக்கம்போல் வெற்றிலைக்கொடிக்கு நீர் இறைத்துக்கொண்டிருந்தாராம். மாலைக்குள் அவர் அயல் மாநிலத் தமிழராகிவிட்டார்.

கல் மயிலாடியில் தயாராகின்றது. ஆரல்வாய்மொழிக்கு அண்மையிலுள்ள அவ்வூர்ச் சிற்பிகளின் உளிக்கு நாடெங்கும் மதிப்புண்டு. எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி கேட்டதால், மூன்று போர்களைக் கைவிட்டதில் அண்ணனுக்குப் பணமும் மிச்சமாயிற்று! குளச்சலைப் பாட்டனாருக்கெனத் தனியே எழுதலாம் என்றேன். அதற்குச் சான்று வீட்டுச் செய்தி ஒன்றே ஆதலின் இப்போதைக்கு வேண்டாமென்று அவரே மறுத்துவிட்டார். நெடுங்கோட்டையும் அவ்வாறே நின்றது. கல்லில் மூன்று வரிகள் உள்ளன. முதல் வரி குலப்பெயர். இரண்டாவது: ‘பட்டாளத்தில் சேவித்திருந்தவர்’. ஓலையில் உள்ளபடியே. மூன்றாவது: ‘கொல்லம் 986 மேடம் இவ்விடம் குடியேறினார்’.

ஊரார் வழங்கும் பெயரையும் சேர்க்கலாமா என்று சிற்பி கேட்டாராம். அண்ணன் என்னைத் தொலைபேசியில் அழைத்து, “என்ன சொல்ல?” என்றார். கல்லின் பின்புறத்தில் சிறிதாகப் போடச் சொன்னேன். ஆடி அமாவாசைக்கு முன் கல் வந்து சேரும். அன்று அருவிப்புறத்தில் நெய்யாற்றங்கரையில் பலியிட்டு எள்ளும் நீரும் இறைக்கும்போது, எங்கள் வீட்டார் அவர் பெயரை இருமுறை சொல்லுவதென்று முடிவு செய்துள்ளோம். பாட்டனாருக்கு ஒருமுறை, பேரனாருக்கு ஒருமுறை.